தோளில் விழுந்த தழும்பு

என் தோழி எழுதும் மாயக்கதைகள் எங்கள் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பிள்ளைகளிடம் கை மாறி மாறிக் கிழிந்தே போகும். பனியை ஏவி மலையைக் காக்கும் ஒரு பதினாறு வயதுப் பெண்தான் எல்லாக் கதைக்கும் நாயகி. லுணுகலைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டப் பாடசாலையில் தமிழ் படிப்பிக்கும் எனக்கு, மேசைக்கு அடியில் அந்தப் புத்தகங்களை ஒளித்துப் படிக்கிறவர்களைப் பிடிப்பதே ஒரு வேலையாகிவிட்டது. பிடிக்கும்போது என் குரல் தேவைக்கு மேலேயே உயரும். டீச்சர் கண்டிப்பானவர் என்று பிள்ளைகள் நினைத்துக்கொண்டார்கள்.

உயர்தரம் படித்த காலத்தில் அவளும் நானும் ஒரே வாங்கில் உட்காருவோம். அவள் பதுளை பஜாரில் துணிக்கடை வைத்திருந்தவரின் மகள். நான் லயத்துப் பிள்ளை, தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில் வளர்ந்தவள். அம்மா கொழுந்தெடுத்துத்தான் என்னைப் படிக்க வைத்தார். அப்போது எழுதுகிறவள் என்று பேர் வாங்கியவள் நான். கட்டுரைப் போட்டி என்றால் என்னைத்தான் அனுப்புவார்கள். அவள் கூட வந்து கைதட்டுவாள். இன்றைக்கு அவளுக்கு நான்கு புத்தகங்கள். என்னிடம் பாதியில் நிற்கும் நாவல்கள் இருக்கின்றன. எத்தனை என்று சொல்ல மாட்டேன்.

போன வருடம் தன் நாயகியின் முன்கதையை அவள் எழுதி முடித்தாள். அந்தப் பெண் எங்கே பிறந்தாள், அவளுக்குச் சக்தி எப்படி வந்தது என்ற கதை. பிறப்பது ஒரு தேயிலைத் தோட்டத்தில். அச்சுக்குப் போகுமுன் முழுவதையும் எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு ஃபோனில் கூப்பிட்டாள்.

"தோட்டத்து விஷயம் ஒண்ணுகூடப் பிழையா வரக் கூடாதுடி. நீ பார்த்துட்டா எனக்கு நிம்மதி."

பார்த்தேன். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டை ஃபாக்டரிக்குள் நடத்தியிருந்தாள், வெளியே கொண்டுவந்தேன். கொழுந்தை மாலையில் மட்டும் எடை போடுவதாக எழுதியிருந்தாள். பகலிலும் நிறுக்க வைத்தேன். ஏழாம் அத்தியாயத்துக்கு வந்தபோது கை அப்படியே நின்றுவிட்டது.

அங்கேதான் குழந்தை பிறக்கிறது. தாய் இத்தனை காலம் சுமந்த கொழுந்துக் கூடையின் கயிற்றுத் தழும்பு குழந்தையின் உடம்பிலும் இருக்கிறது. தாய் சுமந்த பாரமெல்லாம் அந்தத் தழும்பு வழியாக மகளுக்குச் சக்தியாகிறது. படித்துவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன். வயிற்றெரிச்சல் தண்ணீருக்கு அடங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறவள் நான். கூடைக் கயிறு அழுத்தி அழுத்தி உச்சந்தலையில் முடி கொட்டிப்போன இடம் என் விரலுக்கு மனப்பாடம். இத்தனை வருடமும் எனக்கு அங்கே எண்ணெய் வைக்க மட்டும்தான் தெரிந்தது. பஸ் ஜன்னல் வழியாகத் தோட்டத்தைப் பார்த்தவளுக்கு அதில் ஒரு கதை கிடைத்திருக்கிறது. எனக்கு ஏன் தோன்றவில்லை? இதை என்னால் தாங்க முடியவில்லை.

ஆனால் தழும்பை அவள் தோளில் வைத்திருந்தாள். ரோட்டிலிருந்து பார்க்கிறவர்களுக்குக் கூடை முதுகில் கிடப்பதுதான் தெரியும். கயிற்றைத் தலையில் மாட்டியிருப்பது தெரியாது. ஒரு சொல்லை மாற்றினால் போதும். நான் மாற்றவில்லை. தோட்டத்துப் பிள்ளைகள் படித்துச் சிரிக்கட்டும் என்று நினைத்துக்கொண்டே, "எல்லாம் சரி" என்று அனுப்பினேன்.

புத்தகம் வந்ததும் எங்கள் பாடசாலை அதிபர் அவளைப் பேச அழைத்தார். பிள்ளைகளின் பெற்றோரும் வந்திருந்தார்கள். "ஒவ்வொரு வரியையும் உங்க டீச்சர்தான் பார்த்துத் தந்தாங்க" என்று சொல்லிவிட்டு அவள் ஏழாம் அத்தியாயத்தை வாசித்தாள். முடிந்ததும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி எழுந்து அவளிடம் கேட்டாள்.

"மிஸ், கயிறு தலையிலதானே மாட்டுவாங்க? எங்கம்மாவுக்குத் தலையிலதான் தழும்பு இருக்கு. தோள்ல ஒண்ணுமே இல்லங்க."

நான் எதிர்பார்த்த சிரிப்பு வந்தது. பின்வரிசையில் தாய்மார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பிறகு எல்லாக் கண்ணும் என் பக்கம் திரும்பியது. கொழுந்தெடுக்கிறவள் பெற்ற மகளுக்குக் கூடை மாட்டத் தெரியாதா என்று அவர்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எதையாவது சொல்லிச் சமாளித்திருப்பேன்.

"என் பிழைதான், மகள்," என்றாள் தோழி. "உங்க டீச்சர் சொல்லித்தான் இருப்பாங்க. நான் மாத்த மறந்திருப்பேன்."

அவளைப் பஸ் ஏற்றிவிடப் போகும்போது என்னால் அடக்க முடியவில்லை.

"நான் சொல்லவே இல்லடி. பார்த்தேன். வேணும்னுதான் விட்டேன்."

"தெரியும்," என்றாள். "கூடை மாட்டுறது உனக்கா தெரியாது? அந்தப் பிள்ளை கேட்டதுமே விளங்கிடுச்சு."

"அப்புறம் எதுக்கு எனக்காகப் பொய் சொன்ன?"

"நாளைக்கு அந்தப் பிள்ளைங்க முன்னாடி நிக்கப் போறது நீதானே? நான் பஸ் ஏறிப் போயிடுவேன்." பஸ் வருகிறதா என்று ரோட்டை எட்டிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "அடுத்ததையும் உனக்குத்தான் அனுப்புவேன். எரிச்சல் வந்தா என்னைத் திட்டு. பேசாம மட்டும் விட்டுடாத."

பஸ் வந்தது, ஏறிப் போனாள். அவளுக்கு எழுத வருகிறது, அவ்வளவுதானே என்று இத்தனை நாளும் என்னைச் சமாதானம் செய்து வைத்திருந்தேன். நல்ல மனசும் அவளுக்கே வாய்த்திருக்கிறது. அந்த வாரம் முழுக்க அதற்கும் சேர்த்துப் பொறாமைப்பட்டேன்.