டயாலிசிஸ் வார்டில் ஸ்டெல்லா அக்காவின் கிறிஸ்துமஸ்

ஸ்டெல்லா அக்காவின் எண்ணிலிருந்து எங்கள் வாட்ஸ்அப் குழுவுக்குச் செய்தி வந்ததும், வழக்கமான குரல் பதிவு என்று நினைத்து இயர்போனைத் தேடினேன். எழுத்தில் வந்திருந்தது. "அக்கா தவறிட்டாங்க. நாளைக்கு மதியம் அடக்கம். இது தம்பி ஜான்." மாரடைப்பு என்று பிறகு தெரிந்தது. மைசூரில் வேலை பார்க்கும் தமிழ் நர்சுகளும் டெக்னீஷியன்களும் உள்ள குழு எங்களுடையது. 

நான் கன்னட மீடியத்தில் படித்தவள். தமிழ் எழுத்தைப் போனில் வீடியோ பார்த்துக் கற்றேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். முன்பு வேறு ஆஸ்பத்திரியில் ஷிப்ட் முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது, வேலையைப் பற்றி அக்கா குழுவில் பேசி அனுப்பும் பதிவுகளை நான் திரும்பத் திரும்பக் கேட்பேன். பிறகு அவர் இருந்த டயாலிசிஸ் யூனிட்டிலேயே எனக்கு வேலை கிடைத்தது. முதல் நாள் அவரை மேலும் கீழும் பார்த்தபடி நின்றேன். "என்ன, குரலைவிட ஆள் குட்டையா இருக்கேனா?" என்றார்.

பண்டிகை என்று டயாலிசிஸைத் தள்ளிப்போட முடியாது. அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. தீபாவளிக்கும் யுகாதிக்கும் கிறிஸ்தவர்களான நாங்கள் டூட்டிக்கு நிற்போம், கிறிஸ்துமஸுக்கு மற்றவர்கள் எங்களுக்காக நிற்பார்கள். அக்கா மட்டும் அந்த லீவை எடுத்ததே இல்லை. அதைப் பெரிய பக்தி என்று நம்பி, போன வருடம் நானும் கிறிஸ்துமஸ் டூட்டியைக் கேட்டு வாங்கினேன். எங்கள் ஊரான ஹனூரிலிருந்து அம்மா போன் செய்தார். "பண்டிகைக்குக்கூட வர முடியாத அப்படியென்ன வேலை சாமி?" ஸ்டெல்லா அக்காவும் போவதில்லை என்று பெருமையாகச் சொன்னேன். ஆனால் கிறிஸ்துமஸ் அன்று காலை முழுக்க கை மெஷினில் இருந்தது, மனசு ஊர் சர்ச்சில் இருந்தது. போனில் ஓடிய பாட்டில் சமாதானம் என்ற வார்த்தை வந்ததும் அதை நிறுத்தினேன்.

அன்றைக்குத்தான் ஒரு சர்ச்சின் இளைஞர்கள் அன்போடு பிளம் கேக் கொண்டுவந்தார்கள். திராட்சையும் பேரீச்சையும் நிறைந்த கேக். எங்கள் நோயாளிகளுக்கு அதிலுள்ள பொட்டாசியம் ஆகாது. அக்கா நன்றி சொல்லி வாங்கி, வெளியே காத்திருந்த உறவினர்களுக்குக் கொடுத்துவிட்டார். நாலாம் பெட் மாதப்பா கொள்ளேகால் விவசாயி. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"கேக்கு கண்ணுக்கு நேரா போவுது. எனக்கு ஊசி மட்டுந்தானா தாயி?"

"ஊசியோட பாட்டும் உண்டுங்க."

அக்கா பாடினார். சுருதி எங்கோ போனது.

"போதும் தாயி. ஊசியே தேவலை."

வார்டே சிரித்தது. மத்தியானம் சாப்பிடும்போது, "உங்களை மாதிரி எனக்கும் இங்கேயே சமாதானம் கிடைக்கணும்க்கா" என்றேன்.

"என்னைப் பாத்துக் காப்பி அடிக்காத புள்ள. எங்கம்மா போனப்புறம் சர்ச்சுல அந்த பெஞ்சுல தனியா உக்கார முடியல. அதான் இங்க நிக்கறேன். பக்திங்கறது நீயா கட்டுன கதை."

"அப்போ உங்களுக்குச் சமாதானம்?"

"மாதப்பா தூங்கறப்ப கொஞ்சம் கிடைக்கும். நீ ஊருக்குப் போ, உங்கம்மாகூட உக்காரு. மெஷினை நம்ம யூனிட் கவிதா பாத்துக்குவா. எல்லாரையும் நாமளே காப்பாத்தறோம்னு நெனச்சா, அப்புறம் ஆண்டவருக்கு என்ன வேலை?" சோற்றைப் பிசைந்தபடியே சொன்னார்: "அடுத்த வருஷம் நானும் உன்கூட வரேன். பக்கத்துல ஆள் இருந்தா அழாம இருப்பேன்."

அதை நான் அப்போதே அம்மாவிடம் சொல்லி வைத்திருந்தேன்.

அக்கா இல்லாத இந்த வருடம் கிறிஸ்துமஸ் டூட்டி போடும்போது பேனாவோடு தயங்கி நின்றேன். கவிதா கன்னடத்தில், "ஹோகம்மா, நாவித்தீவி" என்றாள். போ, நாங்கள் இருக்கிறோம். போகிறேன் என்றேன். அம்மாவுக்குப் போன் செய்தேன். "அந்தப் புள்ளயும் வருதுல்ல? ஒண்ணா சமைச்சர்றேன்" என்றார். அக்கா தவறிய விஷயத்தைச் சொன்னேன். "நீயாச்சும் வா சாமி" என்றார்.

இங்கே வார்டில் கிறிஸ்துமஸ் காலையில் முதல் ஊசி ஏறும் நேரத்தில், ஹனூரில் நான் அம்மாவை ஒட்டி உட்கார்ந்திருப்பேன். வேலையை இன்னொருவர் கையில் நம்பி விட்டுவிட்டு வர முடியும் என்ற தைரியம்தான் ஸ்டெல்லா அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது. ஒரே ஒரு தடவை, அவரும் வந்து உட்கார்ந்திருக்கலாம்.