எங்கள் அக்கா துப்பாக்கி துடைத்தார்

அக்கா கர்த்தரிடத்தில் போய்ச் சேர்ந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரை அச்சுக்குக் கொடுக்கும் முன் எங்கள் சித்தப்பா கூப்பிட்டுச் சொன்னார்கள்: “ஏளா, பி.டி. டீச்சரா இருந்தான்னு போடு, ஜெபக்கூட்டத்துக்குத் தவறாம போனான்னு போடு. துப்பாக்கி தொடச்ச கதையெல்லாம் வேண்டாம். படிக்கிறவன் என்ன நெனைப்பான்?” யார் என்ன நினைத்தாலும் சரி, அதைத்தான் எழுதப் போகிறேன். ஜெபக்கூட்டத்துக்கு அக்கா தவறாமல் போனதும் இல்லை.

அக்கா பிறந்தது சாத்தான்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு தேரிக்காட்டு ஊர். பள்ளிப்படிப்பு நாசரேத்தில், விடுதியில் தங்கி. கல்லூரிக்குத் தூத்துக்குடி வந்தபோது என்.சி.சி.யில் சேர்ந்தார். அங்கே சுடும் பயிற்சி முடிந்ததும் பெண்களை பஸ் ஏற்றி அனுப்பிவிட்டு, ரைபிள்களைப் பையன்கள் துடைப்பது வழக்கம். அக்கா பஸ்ஸில் ஏறவில்லை. “சுட்டவ நான், தொடைக்கிறவன் அவனா?” என்று ஹவில்தாரிடம் கேட்டாராம். அவர் வடக்கத்திக்காரர். கேள்வி புரிந்ததோ இல்லையோ, ஒரு துணித் துண்டைக் கையில் கொடுத்து உட்கார வைத்தார். குழலுக்குள் விட்டு இழுக்கும் அந்தத் துணிக்குப் பட்டாளத்து இந்தியில் சிந்தி என்று பெயர். அக்காவும் அப்படியே சொல்லிப் பழகினார்.

அத்தான் இறந்தபோது அக்காவுக்கு முப்பத்திரண்டு வயது. வெள்ளைச் சேலையைக் கட்டிக்கொண்டு ஊரோடு வந்துவிடு என்றார்கள். அக்கா முத்தையாபுரத்தில் வீடு பிடித்து, பள்ளியில் விளையாட்டு ஆசிரியையாக வேலை பார்த்து, மகனை ஆளாக்கினார். ஓய்வு பெற்றபின் சனிக்கிழமை காலைகளில் ரைபிள் கிளப்பில் புதியவர்களுக்குத் துப்பாக்கி துடைக்கக் கற்றுக்கொடுத்தார். வங்கிக் காவலர்கள், காட்டுப்பன்றிக்காக உரிமம் வாங்கிய தோட்டக்காரர்கள், சுடப் பழக வந்த பெண்கள் என்று பலரும் வந்தார்கள். நம் ஊர் உப்புக்காற்றில் ஒரு வாரம் கவனிக்காவிட்டால் துரு ஏறிவிடும். “காலியா இருக்குன்னு வாயால சொல்லாதீங்க, தெறந்து காட்டுங்க” என்பதுதான் முதல் பாடம். பிறகு காய்ந்த துணி, அது வெள்ளையாகவே வெளியே வரும் வரைக்கும். கடைசியில் எண்ணெய் தொட்ட துணி, ஒரே தடவை.

ஒரு நாள் துணி வெட்டிக் கொடுக்க நானும் போயிருந்தேன். “அடுத்து எண்ணெய் சிந்தி விடுங்க” என்றார் அக்கா. தன் ஒற்றைக்குழல் துப்பாக்கியோடு புதிதாக வந்திருந்த பெரியவர் ஒருவர் இந்தியைக் கண்டாரா? புட்டியைத் திறந்து குழலுக்குள் எண்ணெயைச் சிந்தியே விட்டார். அது மறுமுனையில் இறங்கி அவர் வேட்டியை நனைத்தது. வகுப்பே சிரித்தது.

“சிரிக்காதீங்கப்பா. இந்தி பேசுனது நான். தப்பு அவிய மேல இல்ல” என்றார் அக்கா. எண்ணெய் தேங்கிய குழலில் சுட்டால் குழலே பிளந்துவிடலாம். மதியம்வரை உட்கார்ந்து, பிரித்துத் துடைத்துக் கொடுத்தார். அதன்பிறகு அந்த வகுப்பில் சிந்தி என்ற சொல்லே கிடையாது. எண்ணெய்த் துணி, அவ்வளவுதான். கல்லூரி நாளிலிருந்து வாயில் ஊறிய சொல்லை ஒருவருடைய வேட்டிக்காக விட்டுவிட்டார்.

புற்றுநோயோடு படுத்திருந்தபோதும் குணம் மாறவில்லை. நர்ஸ் ஈரப் பஞ்சை எடுத்தால், “மொதல்ல காஞ்சதும்மா” என்பார். அடக்கத்தன்று நம் உறவுக்காரர்கள் கல்லறைத் தோட்டத்து நிழல் பார்த்து ஒதுங்கி நிற்க, பெட்டியைச் சுமந்தவர்கள் சீருடையோடு வந்த அந்த வங்கிக் காவலர்கள்தான். எனக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

அந்தக் காவலர்களுக்கும், இராப்பகலாகப் பார்த்துக்கொண்ட நர்ஸ்களுக்கும், குழி வெட்டியவர்களுக்கும், ஜெபித்த சபை ஐயரவர்களுக்கும் எங்கள் நன்றி. சித்தப்பாவுக்கும் தனியாக ஒரு நன்றி உண்டு. அன்று வேட்டி நனைந்த பெரியவர் தாங்கள்தான் என்று அக்கா சாகும்வரை நம் குடும்பத்தில் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை, சித்தப்பா.

நான் அக்கா இல்லை.

– தங்கை