வடக்குப் பாதையில் ஒரு சஷ்டி

தொண்ணூறுகளின் நடுவில், ஓர் ஐப்பசியில், நானும் என் மனைவியின் தம்பியும் கிளிமஞ்சாரோ மலையில் வடக்குப் பக்கமாக ஏறினோம். கூட்டம் ஏறும் பாதைகள் தெற்கே இருந்தன. ஆளரவமற்ற வழியே வேண்டுமென்று கேட்டவர் மைத்துனர். அவருடைய மகன் கொழும்பில் படையினரிடம் பிடிபட்டு, எங்கே வைத்திருக்கிறார்கள் என்றே தெரியாதிருந்த காலம் அது. கதிர்காமம் சென்று முருகனுக்கு நேர்த்தி செலுத்த அவர் மனம் தவித்தது. லண்டனில் அவருக்குக் கிடைத்த அகதிப் பயணப் பத்திரமோ இலங்கை ஒன்றைத் தவிர எந்த நாட்டுக்கும் செல்லும்.

“மலையெல்லாம் அவன்ர வீடுதானே அத்தான். போக விடுற மலையில பெரிசாப் பார்த்துப் போவம்” என்றார்.

சனிக்கிழமைகளில் லண்டன் ஆர்ச்வே ஸ்டேஷனிலிருந்து மேட்டிலுள்ள முருகன் கோயில் வரை, முதுகுப் பையில் அரிசி சுமந்து ஏறிப் பழகினோம். “அரிசி மடைப்பள்ளிக்கோ, மலைக்கோ?” என்று வாசலில் நின்றவர்கள் கேலி செய்தார்கள்.

பயண நாட்கள் கந்தசஷ்டியில் விழுந்தன. வழிநடப்போருக்கு விரதம் விலக்கு, மனத்தால் பூசித்தால் போதும் என்று நான் சொன்னேன். அவர் தலையாட்டினார்.

சிகரத்தின் அடிவாரத்துக் கூடாரத்தை ஒரு நண்பகலில் அடைந்தபோது, அவரால் சப்பாத்துக் கயிற்றை அவிழ்க்க முடியவில்லை. விரல்கள் கயிற்றைத் தேடின. கண்கள் வேறெங்கோ இருந்தன. வழிகாட்டி அவரை எழுப்பி நடக்கச் சொன்னான். இரண்டடி வைத்துச் சரிந்தார். அப்போதுதான் சமையற்காரன் வாய் திறந்தான்: ஐயா தம் உணவையெல்லாம் சுமைகாரர்களுக்கே கொடுத்து வந்தார், உங்களுக்குத் தெரியுமென்று நினைத்தேன்.

“நீர் கடைசியா எப்ப சாப்பிட்டனீர்?”

“நைரோபியில. தண்ணி குடிக்கிறன்தானே. மிளகும் விழுங்கிறன்.” மடித்த கைக்குட்டையில் சஷ்டி விரதத்துக்கான மிளகு மணிகளைக் காட்டினார்.

மேலே செல்லும் பேச்சே இல்லை என்று வழிகாட்டி முடித்துவிட்டான். உடனே இறங்க வேண்டும். ஆனால் வெறும் வயிற்றோடு அவரால் நடக்க ஏலாது. இப்பாதையில் உதவிக்கு வேறு குழுவும் இல்லை. ஏதாவது உட்கொண்டால் நடத்தி இறக்கலாம். இல்லையேல் தூக்கித்தான் செல்ல வேண்டும், அதற்குள் மூச்சு என்னவாகும் என்று சொல்ல முடியாது. பள்ளத்தாக்கிலிருந்து மேகம் ஏறிக்கொண்டிருந்தது.

கஞ்சிக் கிண்ணத்தை அவர் கையால் விலக்கினார். நான் நாற்பது ஆண்டுகளாக ஓதிய பாடல்களிலிருந்து சான்று காட்டினேன். அவன் கேட்பது கசிந்த உள்ளத்தை, கெட்டுப்போன உடலை அன்று என்றேன்.

“பாட்டுச் சொல்லி என்னை இறக்காதேங்கோ அத்தான். பாடின ஆக்களுக்கு அவன் நேரில வந்தவன். எனக்கு ஒரு தந்திகூட வரேல்லை.”

அவர் உதடுகள் நீலம் பாரித்திருந்தன. என் கிண்ணத்தையும் அவருடைய கிண்ணத்தின் அருகே தரையில் வைத்தேன்.

“அப்ப நானும் சாப்பிடமாட்டன்.”

“உங்களுக்குச் சீனி வருத்தம். சாப்பிடாட்டி விழுந்திடுவியள்.”

“ஓம்.”

“விசர்க்கதை கதையாதேங்கோ. அக்காவுக்கு நான் என்ன சொல்லுறது?”

“அதை நீர் யோசியும்.”

கஞ்சி ஆறி ஆடை படிந்தது. அந்தக் குளிரிலும் எனக்கு வியர்க்கத் தொடங்கியது. வழிகாட்டி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தன் மொழியில் ஏதோ முணுமுணுத்தான்.

மைத்துனர் நிமிர்ந்து சிகரத்தைப் பார்த்தார். பிறகு என் கிண்ணத்தை எடுத்து என் மடியில் வைத்தார்.

“முதல்ல நீங்கள்.”

நான் ஒரு கரண்டி விழுங்கினேன். அவரும் விழுங்கினார். இரண்டாவது கரண்டி அவருக்குப் புரையேறிற்று, மூன்றாவது தங்கியது. சீனித் தேநீரையும் குடித்தார்.

இருபக்கமும் ஆட்கள் தாங்க, மேகத்துக்குள் இறங்கினோம். மூச்சு சற்றுத் திரும்பியதும் அவர் நின்றார்.

“அத்தான், விரதத்தை விட்டிட்டன். இனி என்ர பெடியனுக்கு ஏதும் நடந்தா?”

நான் அவருடைய முழங்கையை இறுகப் பிடித்துக்கொண்டேன். அடுத்த கல் ஈரமாக இருந்தது. பார்த்துக் கால் வைக்கச் சொன்னேன்.