வற்றச் சொல்லி ஒரு பூஜை

மயூர் விஹாரில் எங்கள் குடியிருப்புக்குப் பின்னால், வெள்ளத்தைத் தடுக்க யமுனைக்குப் போட்ட மண்கரை இருக்கிறது. வெள்ளம் இல்லாத நாட்களில் அதை மிதித்துக் கெட்டிப்படுத்துவது நாங்கள்தான். காலை நடைக்காரர்கள், பட்டம் விடுகிறவர்கள், வட்டமாக நின்று கையைத் தூக்கிச் சிரிக்கும் சிரிப்புச் சங்கத்தார்.

என் மனைவி திருச்சிக்காரி. ஆடிப் பதினெட்டுக்குக் கலந்த சாதம் கட்டிக்கொண்டு அங்கே வந்து, கறுத்து நுரைத்துக் கிடக்கும் தண்ணீரை மூக்கைப் பொத்தியபடி 'பெருகி வா' என்று கும்பிடுவாள். அந்த வருடம் அது நிஜமாகவே பெருகி வந்துவிட்டது. படுகையில் காய்கறி பயிரிட்டவர்கள் எருமை, கட்டில், பாத்திரம் சகிதம் கரைமேல் ஏறிக் கூடாரம் போட்டார்கள். சிரிப்புச் சங்கம் ஓயவில்லை. எருமைகளுக்கு நடுவே இடம் பிடித்துச் சிரித்தது.

"இந்த வருஷம் வேண்டாம். அடி வாங்கிக் குடுத்துடுவே" என்றேன்.

"இத்தனை வருஷமா வா வான்னு கூப்பிட்டுட்டு, வந்தப்புறம் போய்ப் பாக்காம இருந்தா நல்லாவாங்க இருக்கு?"

அவள் மஞ்சளும் பூவும் வைத்துக் கண்ணை மூடியதும், பக்கத்துக் கூடாரத்துப் பெண் வந்தாள். அவளுடைய சுரைக்காய்த் தோட்டம் தண்ணீருக்குள் இருந்தது.

"பையா, தீதி என்ன வேண்டிக்கிறாங்க?" என்று என்னை அண்ணனாகவும் இவளை அக்காவாகவும் ஆக்கி இந்தியில் கேட்டாள்.

உண்மையைச் சொல்ல எனக்கு இன்னொரு கழுத்து வேண்டும். தண்ணீர் வற்றத்தான் என்று அளந்துவிட்டேன். அவ்வளவுதான், "ஜல்தி ஆவோ" என்று கரை முழுவதையும் கூப்பிட்டுவிட்டாள். சிரிப்புச் சங்கத்தார்கூடச் சிரிக்காமல் வந்து நின்றார்கள்.

"வத்தச் சொல்லிக் கும்பிட எங்க ஊர்ல வழக்கமே கிடையாதேங்க" என்று மனைவி பல்லைக் கடித்தாள். பிறகு வீட்டுக்கு வந்த விருந்தாளியை அனுப்புவதுபோல் ஆற்றுக்கு வெற்றிலை, பாக்கு, குங்குமம் கொடுத்து, "வந்தது சந்தோஷம்மா. சாப்பிட்டுட்டுக் கிளம்பு" என்றாள். அதை மந்திரம் என்று நினைத்து எல்லோரும் கைகூப்பினார்கள். மிச்சமிருந்த புளியோதரையைத் தின்றுகொண்டே ஒருவர், சாம்பார் இல்லையா என்று விசாரித்தார்.

சில நாட்களில் தண்ணீர் இறங்கியது. எப்படியும் இறங்கியிருக்கும். ஆனால் கரையில் என் மனைவி காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். அவளும் வேண்டாமென்று சொல்லவில்லை. நானும் ஓர் அம்மனுக்குப் புருஷனாகத் தெனாவட்டாக நடந்தேன்.

அப்போதுதான் அந்தப் பெண், முழங்கால் வரை சேற்றோடு கீழிருந்து ஏறி வந்தாள்.

"தண்ணி போயிடுச்சு தீதி. நிலத்தையும் அறுத்துக் கூடவே கொண்டுபோயிடுச்சு" என்றாள். கேலியே இல்லாமல், "அதைத் திருப்பிக் கேக்க உங்ககிட்ட பூஜை ஏதாவது இருக்கா?" என்று கேட்டாள்.

நான் வாயைத் திறந்தேன். மனைவி என் கையை அழுத்தினாள்.

"இல்லம்மா" என்று தமிழிலேயே சொன்னாள்.

அந்தப் பெண் தலையாட்டிவிட்டு, கூடாரத்துக்குப் போய்க் கட்டிலில் உட்கார்ந்துகொண்டாள்.