இபாடானில் ஒரு களி உருண்டை

கொதிக்கும் மாவைத் துடுப்பால் கிண்டும்போது எழும், லேசாகக் கருகிய அந்த மண்வாசனை மூக்கில் ஏறினால் போதும், அமெரிக்காவில் ஹூஸ்டனை ஒட்டிய சுகர் லேண்டில் உட்கார்ந்திருக்கும் நான் இபாடான் நகரத்துச் சாலையோரத்துக்குப் போய்விடுவேன்.

அப்பாவுக்கு நைஜீரியாவின் வடக்கே, கடூனாவில் கணக்கு வாத்தியார் வேலை. நான் மூன்றாம் வகுப்பு. தருமபுரிக்காரியான அம்மா அங்கே வெளியில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டாள். "அந்தக் கண்றாவி எதுவும் என் வாயில படாது" என்பாள். ஒரே வருடத்தில் துரும்பாக இளைத்தாள். கடைசியில் என்னையும் அழைத்துக்கொண்டு ஊருக்கே திரும்புவதென்று முடிவாகி, லாகோஸில் விமானம் ஏற்றிவிட அப்பா எங்களைக் காரில் கூட்டிப்போனார். அப்பாவை விட்டுப் போகவேண்டுமே என்று வழியெல்லாம் அழுதேன்.

கட்டிவந்த தயிர்சாதம் வெயிலில் புளித்து நுரைத்துவிட்டது. பசி தாங்காமல் இபாடானில் ஒரு "புக்கா"வின் முன் நிறுத்தினோம். தகரக்கூரை போட்ட சோற்றுக்கடைக்கு அங்கே அப்படித்தான் பெயர். தட்டில் வந்தது "அமலா": உலர்ந்த கிழங்கு மாவில் கிண்டிய கரும்பழுப்பு உருண்டை, மேலே வழவழவென்று கீரை, கூடவே பருப்புக் கடைசல் மாதிரி ஒன்று. சென்னைக்காரரான அப்பா அதைப் பிட்டுப் போட்டு மாடு மாதிரி மென்றுகொண்டிருந்தார். அங்கே அதை யாரும் மெல்வதில்லை போலும், கடைக்கார அம்மா வாயைப் பொத்திச் சிரித்தார்.

என் அம்மாவோ தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கொஞ்சம் கிள்ளி, கட்டைவிரலால் குழித்து, கீரையை அள்ளி, மெல்லாமல் அப்படியே விழுங்கினாள், வீட்டில் கேழ்வரகுக் களியை விழுங்குகிற மாதிரியே. கடைக்காரம்மா அசந்துபோய், யார் கற்றுக்கொடுத்தது என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"எங்க ஊர்ல இதை மென்னா சிரிப்பாங்க" என்றாள் அம்மா, சுத்தத் தமிழில்.

இருவரும் சிரித்தார்கள். இன்னொரு உருண்டை வந்தது. கை கழுவிவிட்டு வந்த அம்மா, "ஏங்க, டிக்கெட்டைத் திருப்பிக் குடுத்தா வாங்கிக்குவாங்களா?" என்றாள். எனக்கு உயிர் வந்தது.

அதன்பிறகு ஒவ்வொரு விடுமுறைக்கும் ஒரு திசை. கானோவில் வேர்க்கடலைப் பொடி புரட்டிச் சுட்ட இறைச்சியான "சுயா", காலபாரில் நண்டு போட்ட கீரைக்குழம்பு என்று அம்மாதான் எங்களை இழுத்துக்கொண்டு அலைந்தாள்.

இப்போது அம்மா இல்லை. அந்தப் புக்காவும் இல்லையாம். எங்கள் வீட்டில் களித்துடுப்பே கிடையாது; அந்த வாசனைக்கு வெளியில்தான் போகவேண்டும். போன வாரம் ஹூஸ்டனில் ஒரு நைஜீரியக் கடைக்கு மகளோடு போனேன். அவள் அமலாவைக் கரண்டியால் வெட்டி மென்றாள், நான் விழுங்கினேன். பரிமாறிய ஆன்ட்டி, யார் கற்றுக்கொடுத்தது என்று என்னைக் கேட்டார்.

"எங்க ஊர்ல இதை மென்னா சிரிப்பாங்க" என்று தமிழிலேயே சொன்னேன்.

தமிழ் புரிந்த மகள் நிமிர்ந்தாள். "விச் ஊர், அப்பா?"

"ரெண்டும்தான்" என்றேன்.

அவள் கரண்டியை வைத்துவிட்டுக் கை கழுவப் போனாள்.