சார்ஜுக்குப் போகாத அம்பாசடர்

ஒரு அம்பாசடர் காரை முழுசாக நறுக்கிப் போட எவ்வளவு நேரம் ஆகும், சொல்லுங்கள் பார்க்கலாம்? நீங்கள் சொல்லப் போவது தப்பு. எங்கள் தாஸ் அண்ணன் கையில் கட்டிங் டார்ச் இருந்தால் நாற்பது நிமிஷம். நடுவில் டீ வந்தால் ஐம்பது.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், அந்த நறுக்கலுக்குக் கையெழுத்துப் போடுகிறவன் நான்தான். பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி. கும்மிடிப்பூண்டியில் ஒரு ஸ்டீல் மில்லில் ஸ்கிராப் யார்டு சூப்பர்வைசர். மூன்று வருஷ சர்வீஸ். மூன்று வருஷத்துக்கே அனுபவக் குறிப்பா என்று கேட்காதீர்கள். ரிட்டயர் ஆகிறவரை காத்திருந்தால் பாதி மறந்துவிடும். வேலைக்கு வரப்போகிற ஜூனியர்களுக்காக எழுதுகிறேன். பெரியவர்கள் ஓரமாக நின்று படித்துக்கொள்ளலாம்.

1. முதல் நாள், முதல் வெடி

யார்டுக்கு லாரி லாரியாகப் பழைய இரும்பு வரும். அதைத் தரம் பிரித்து, நறுக்கி, பக்கெட்டில் நிரப்பி ஃபர்னஸுக்கு அனுப்ப வேண்டும். ஒரு தடவை ஃபர்னஸுக்குள் போகிற மொத்தச் சரக்குக்குப் பெயர் சார்ஜ். கார் வந்தால் முதலில் கண்ணாடி, சீட், டயரைக் கழற்ற வேண்டும். அப்புறம் ஒயரை உருவ வேண்டும், ஏனென்றால் தாமிரம் கலந்தால் ஸ்டீல் கெட்டுவிடும். இதையெல்லாம் மேனேஜர் ராகவுலு விளக்கும்போது நான் இடைமறித்து, தாமிரத்தைப் பற்றி அவருக்கே பத்து நிமிஷம் பாடம் எடுத்தேன். பரீட்சையில் அந்தக் கேள்விக்கு நல்ல மார்க் வாங்கியிருந்தேன்.

மத்தியானம் நான் ஓகே போட்ட பக்கெட்டில் ஒரு ஷாக் அப்சார்பர் முழுசாகக் கிடந்திருக்கிறது. உள்ளே எண்ணெய், நாலு பக்கமும் அடைப்பு. ஃபர்னஸ் போட்ட சத்தத்தில் கேன்டீனில் இருந்தவர்கள் தட்டோடு வெளியே ஓடி வந்தார்கள். நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மேனேஜர் என்னிடம் வந்து நிதானமாகச் சொன்னார்:

"இன்னா நைனா, மூடிக்கினு கீற சாமான் எதுனா உள்ள போனா வெடிக்கும். உன் வாய் மாத்திரந்தான் தொறந்துக்கினே வெடிக்குது."

அன்றிலிருந்து யார்டில் என் பெயர் பி.எஸ்சி.

2. டாக்டர் வரிசை

காம்பவுண்டு சுவர் ஓரமாக நாலைந்து பழைய கார்கள் நிற்கும். அவற்றைத் தொடக்கூடாது. மெட்ராஸில் ஒரு ரிட்டயர்டு கண் டாக்டர் இருக்கிறார். எங்கள் மேனேஜருக்குக் கண் ஆபரேஷன் செய்தவர். பழைய கார் என்றால் அவருக்குப் பைத்தியம். மாசம் ஒருமுறை வருவார். அவர் பார்த்து "வெச்சிருங்க" என்று சொன்னால் அந்தக் கார் சுவர் ஓரத்துக்குப் போகும். சொல்லாவிட்டால் தாஸ் அண்ணனிடம் போகும். இதற்கு எந்த ஃபாரமும் கிடையாது, டாக்டர் வாய் வார்த்தைதான்.

டாக்டர் மூன்று விஷயம் பார்ப்பார்: வயசு, அபூர்வமா இல்லையா, ஏதாவது பெரிய மனுஷர் வைத்திருந்ததா. மூன்றும் சேர்ந்தால் கிளாசிக். மற்றதெல்லாம் தகரம்.

இந்தக் கதை நடந்த மாசம் திருவள்ளூர் பக்கத்து ரைஸ் மில் ஷெட்டிலிருந்து முப்பத்திநாலு மாடல் சீமைக் கார் ஒன்று வந்திருந்தது. சின்னதாக, அழகாக, முழுக்கத் துருப்பிடித்து. அதைப் பார்க்க வியாழக்கிழமை காலை வருவதாக டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார்.

3. கயிற்றில் வந்தவர்

புதன்கிழமை ஒரு லாரிக்குப் பின்னால் கயிறு கட்டி ஒரு அம்பாசடர் வந்தது. ஐம்பத்தொன்பது மாடல் டாக்ஸி, கறுப்பு உடம்பு, மஞ்சள் தலை. ஸ்டியரிங்கில் உட்கார்ந்து வந்தவர் ஏகாம்பரம். பொன்னேரி ஸ்டேஷனிலிருந்து பழவேற்காட்டுக்குப் பதினாலு வருஷமாக அந்த வண்டியை ஓட்டியவர். ஓனர் புது வண்டி வாங்கிக்கொண்டு இதை எங்களுக்குத் தள்ளிவிட்டார்.

வழக்கமாக வண்டியை விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். ஏகாம்பரம் போகவில்லை. இதை எப்போது கட் பண்ணுவீர்கள் என்று கேட்டார். நாளை சாயங்கால சார்ஜ் என்றேன்.

"புது வண்டியும் நான்தான் ஓட்டப் போறேன் சார். எனுக்கு அதுல பேஜாரு இல்ல. இத்த மட்டும் கட் பண்ணாதீங்க."

ஏன் என்று கேட்டேன். அவர் அழுவார் என்று நினைத்தேன். அவரோ கணக்காகச் சொல்ல ஆரம்பித்தார். பழவேற்காட்டிலிருந்து இறால் கூடை போனது, கல்யாண ஜோடி போனது, எலக்‌ஷனுக்கு மைக் கட்டிக்கொண்டு போனது, வெள்ளத்தில் கதவு வரைக்கும் தண்ணீரில் போனது. பின் சீட்டைத் தட்டிக் காட்டினார்.

"ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போகசொல்ல மூணு கொயந்த இங்கயே பொறந்துச்சு சார். நாலாவது கொஞ்சம் பொறுத்துக்கினு ஆஸ்பத்திரி கேட்டாண்ட பொறந்துச்சு."

எனக்கு அந்த ஆளைப் பிடித்துப் போய்விட்டது. ஆனால் நான் போடும் கையெழுத்து நறுக்கத்தான் செல்லும், நிறுத்தச் செல்லாது. நிறுத்த முடிந்தவர் ஒரே ஒருவர்தான், அவர் நாளைக் காலையில் வருகிறார் என்று சொல்லி அனுப்பினேன்.

4. நாங்கள் செய்த மேக்கப்

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கே ஏகாம்பரம் கேட்டில் நின்றார். தாஸ் அண்ணனுக்குக் கதையைச் சொன்னேன். தாஸ் அண்ணன் அதிகம் பேசமாட்டார், ஆனால் டாக்டரை நன்றாகக் கவனித்து வைத்திருந்தார். டாக்டர் எடுத்ததெல்லாம் துருப்பிடித்த வண்டி. எனவே இதையும் துருப்பிடிக்க வைத்தால் எடுத்துக்கொள்வார் என்பது அவர் கணக்கு.

துரு என்றால் கெமிஸ்ட்ரி. விடுவேனா? கேன்டீனில் உப்பு வாங்கி, தண்ணீரில் கரைத்து, யார்டு தரையில் கிடந்த துருத்தூளைக் குழைத்து பானெட் முழுக்கப் பூசினேன். தாஸ் அண்ணன் ஒரு பழைய லாரியிலிருந்து பித்தளை பாம் பாம் ஹார்னைக் கழற்றி வந்து கதவோரம் கட்டினார். மோவாயில் கை வைத்து நின்ற ஏகாம்பரம் சொன்னது ஒன்றுதான்:

"பதினாலு வருசம் உப்புக்காத்துல ஒரு பொட்டு துரு ஏறாம பாத்துக்கினேன். நீங்க அரை மணில ஏத்திட்டீங்க."

5. கண்ணாடி மறந்த கண் டாக்டர்

டாக்டர் வந்தார். அம்பாசடரைச் சுற்றி ஒரு நடை நடந்தார். ஹார்னை ஒரு அழுத்து அழுத்தினார்.

"என்னப்பா இது, மாறுவேஷப் போட்டியா?"

தாஸ் அண்ணன் ஃபர்னஸ் பக்கம் பார்த்துக்கொண்டார். நான் மட்டும் விடவில்லை. இது கிளாசிக் சார் என்றேன். டாக்டர் வாசலைக் காட்டினார்.

"நான் வந்ததே அம்பாசடர்லதான். வெளியில நிக்குது பாரு. அதையும் கிளாசிக்னு சொல்லிடுவியா? ரோட்டுக்கு நூறு ஓடுதுப்பா."

நாற்பது வருஷம் கழித்து ஓடுமா என்று கேட்டேன். அப்போது வந்து கேள் என்று சொல்லிவிட்டு அவர் முப்பத்திநாலு மாடலுக்குப் போய்விட்டார். மேனேஜர் என்னைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தார். ஏகாம்பரம் ஒரு ஈரத் துணியை எடுத்து, நான் பூசிய துருவைத் துடைக்க ஆரம்பித்தார். சாயங்காலம் நறுக்கப் போகிற வண்டியைத் துடைக்கிறாரே என்று எனக்குத்தான் சங்கடமாக இருந்தது.

டாக்டர் சீமைக் காரின் கதவுப் பையில் கைவிட்டு, பூச்சி அரித்த ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்தார். கம்பெனி கொடுத்த ஹேண்ட்புக். பொக்கிஷம் கிடைத்த மாதிரி முகம். ஆனால் கண் டாக்டர் கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வந்திருந்தார். என்னிடம் நீட்டிப் படிக்கச் சொன்னார்.

படித்தேன். சத்தமாகவே படித்தேன். இந்தக் கார் சாதாரணக் குடும்பத்துக்காகச் செய்தது என்று முதல் பக்கத்திலேயே போட்டிருந்தது. குமாஸ்தாவும் வாத்தியாரும் சின்ன வியாபாரியும் வாங்கலாம், இப்போதே எந்தத் தெருவுக்குப் போனாலும் ஒன்று நிற்கும், ரிப்பேர் பார்க்கத் தெரியாத மெக்கானிக்கே கிடையாது என்று பெருமை வேறு.

பானெட்டைத் துடைத்துக்கொண்டே ஏகாம்பரம் கேட்டார்:

"அப்போ அதுவும் அந்தக் காலத்து டாக்ஸிதானா சார்?"

டாக்டர் புத்தகத்தை என்னிடமிருந்து வாங்கி மூடினார். பிறகு மெட்ராஸ் முழுக்க இந்த மாடல் இப்போது நாலே நாலுதான் இருக்கிறது என்று சொல்லி, தனக்குத்தானே கேட்பது போலக் கேட்டார்:

"தெருவுக்குத் தெரு நின்னதெல்லாம் எங்க போச்சு?"

"என்ன மாதிரி ஒருத்தன் கட் பண்ணிருப்பான் சார்" என்றார் தாஸ் அண்ணன்.

டாக்டர் சிரித்தார். முதலில் மெதுவாக, அப்புறம் வயிறு குலுங்க. அம்பாசடரிடம் திரும்பி வந்து, ஹார்ன் கட்டியிருந்த கம்பியைத் தன் கையாலேயே பிரித்துக் கழற்றி தாஸ் அண்ணனிடம் கொடுத்தார். பிறகு ஏகாம்பரத்திடம், இதில் கம்பெனியில் வந்தது எது, மாற்றியது எது என்று கேட்டார். அரை மணி நேரம் ஓடியது அந்தப் பேச்சு. கைப்பிடி நாலும் ஒரிஜினல், ஹார்ன் ரிங் ஒரிஜினல், இடது பின்கதவு மட்டும் மாட்டுவண்டி இடித்து மாற்றியது, மாட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. எல்லாம் விரல்நுனியில் இருந்தது. டாக்டர் கதவை ஒருமுறை திறந்து சாத்தி, அந்தச் சத்தத்தைக் கேட்டார்.

"வெச்சிருங்க."

மேனேஜர் தலையில் கை வைத்தார். "டாக்டர் சார், நாளிக்கு பொன்னேரில கீற டாக்ஸிக்காரன் அத்தினி பேரும் இங்க வந்து நிப்பான்."

"வரட்டும். இவர் மாதிரி சொல்லத் தெரிஞ்சவன் எத்தனை பேர் வரான்னு பாப்போம்."

சாயங்கால சார்ஜுக்கு எடை குறைந்தது. ஒரு பழைய இரும்பு கேட்டையும் லேத்தில் சீவி விழுந்த இரும்புச் சுருளையும் போட்டு நிரப்பினோம். அம்பாசடரைச் சுவர் ஓரத்துக்கு நாலு பேர் தள்ளினோம், ஸ்டியரிங்கில் ஏகாம்பரம்.

ஜூனியர்களே, நான் கற்றுக்கொண்டது இதுதான். ஒரு பொருள் அபூர்வம் என்றால், மற்றதையெல்லாம் யாரோ ஒழித்துக் கட்டிவிட்டார்கள் என்று அர்த்தம். அந்த யாரோ பெரும்பாலும் நம்மைப் போல வேலைக்கு வந்த ஒரு ஆள்தான். நம் அம்பாசடர் கிளாசிக்கா இல்லையா என்று டாக்டரும் நானும் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம். அவர் இன்னும் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை.

இன்று காலை சுவர் ஓரம் போய்ப் பார்த்தேன். ஏகாம்பரம் வந்து போயிருக்கிறார் போல, நாலு டயரிலும் காற்று இருக்கிறது.