அண்ணன் தோளுக்கு ஒரு கட்டை

என் அண்ணனுக்கும் எனக்கும் சட்டை அளவு ஒன்றுதான். பொன்னேரி தையற்காரரிடம் எங்களில் ஒருவர் போய் நின்றால் போதும், இரண்டு பேருக்கும் துணியை வெட்டிவிடுவார். பெரும்பாலும் அண்ணன்தான் போவார். நான் போனால் மூச்சை இழுத்துப் பிடித்து வயிற்றை ஒளித்துவிடுவேன். அப்புறம் இரண்டு பேருக்குமே பொத்தான் போட வராது.

அண்ணன் ஆரணி ஆற்றுப் பக்கம் நெல் பயிர் வைத்திருந்தார். நான் கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் இயந்திரங்களுக்கு மரப்பெட்டி அடிக்கிறேன். காட்டுப்பள்ளியில் கப்பல் ஏறும் அந்தப் பெட்டிகளைப் போய்ச் சேர்ந்த இடத்தில் கடப்பாரையால் உடைத்துத்தான் திறப்பார்கள். நான் செய்ததில் உருப்படியாக மிஞ்சியது என்று உலகத்தில் ஒன்றும் கிடையாது. இப்படிப்பட்ட கைராசிக்காரனிடம்தான் அண்ணன் தன் துப்பாக்கியின் தோளில் பதியும் மரக்கட்டையைக் கொடுத்தார்.

எங்கள் நைனா காலத்து நாட்டுத் துப்பாக்கி அது. காட்டுப்பன்றியை விரட்ட லைசென்ஸோடு வாங்கியது, நைனாவுக்குப் பின் அண்ணன் பெயருக்கு வந்தது. குழலின் வாய்வழியாக மருந்தைக் கொட்டி, தேங்காய் நாரைத் திணித்து, கம்பியால் இடிக்க வேண்டும். அண்ணன் குண்டு போடுவதில்லை, வெறும் சத்தம்தான். சத்தத்துக்கு எதற்குத் தோளில் வைத்துக் குறி பார்க்கிறாய் என்று கேட்டால், “பன்னி பாக்குதில்ல?” என்பார். ஆனால் நைனாவுக்கு நீளக் கை. அவர் அளவில் செய்த கட்டை அண்ணன் தோளில் ஒருநாளும் ஒழுங்காக உட்காரவில்லை. ஒவ்வொரு போகத்திலும் அவர் தோளில் நாவற்பழ நிறத்தில் ஒரு கன்றல் இருக்கும்.

போன வருஷம் அவருக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். சென்னைக்குப் போவதும் வருவதுமாக இருந்தார். இந்தப் போகம் அறுக்கிற வரை காவலுக்கு நானேதான் போவேன் என்று ஒரே பிடிவாதம்.

“டேய், இந்த ஒடம்பு இனிமே இடி தாங்காது. கட்டைய என் தோளுக்கு சரி பண்ணிக் குடு.”

“நான் செய்யிறத எல்லாம் ஒடைச்சிடுவாங்கண்ணா.”

“இத்த ஒடைக்க மாட்டேன். செய்யி.”

குழலைக் கழற்றி அவர் வீட்டிலேயே வைத்துவிட்டு, கட்டையை மட்டும் கோணியில் சுற்றி மின்சார ரயிலில் கொண்டு வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், “வீணை ரிப்பேரா சார்?” என்றார். ஆமாம் என்றேன். ஒரே ஒரு சுரம்தான் வரும் என்பதைச் சொல்லவில்லை.

அளவெடுக்க அண்ணன் எதற்கு, நான் இருக்கிறேனே! கட்டையின் அடியை முழங்கை மடிப்பில் வைத்தால் விரல் நுனி விசைக்கு எட்ட வேண்டும். கன்னத்தைச் சாய்த்தால் கழுத்தை வளைக்காமலே கண் குழலுக்கு நேராக வர வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் இழைப்பதும், கண்ணாடி முன் தோளில் வைத்துப் பார்ப்பதுமாக இருந்தேன்.

“இன்னா, யாரை சுடப் போற?” என்றாள் மனைவி.

“எதிர்ல நிக்கிற குண்டனை.”

“அப்ப குறி தப்பாது, போ.”

கடைசியில் அது என் தோளில் அப்படியே பொருந்தியது. கொண்டுபோய்க் குழலை மாட்டி அண்ணனிடம் நீட்டினேன். அவர் தோளில் வைத்தார். கட்டை தோளில் நிற்காமல் புஜத்துக்கு வழுக்கியது. விரல் விசைக்கு எட்டவில்லை. கன்னத்துக்கும் மரத்துக்கும் நடுவே என் இரண்டு விரல் தாராளமாக நுழையும் இடைவெளி.

“சரியாத்தானே அளவெடுத்தேன்!”

“யார அளவெடுத்த?”

“என்னத்தாண்ணா.”

அண்ணன் சிரித்தார். “அப்ப துணி மிச்சம்டா.”

அப்போதுதான் அவர் சட்டையின் பக்கவாட்டைப் பார்த்தேன். உள்ளே பிடித்து ஒரு தையல், அதற்கும் உள்ளே இன்னொரு தையல். அவர் இளைக்க இளைக்க அண்ணி ஒவ்வொரு சட்டையையும் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறார். இளைத்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும். இவ்வளவு என்று அந்தச் சட்டை காட்டவில்லை.

“குடுண்ணா, இன்னும் கொஞ்சம் வெட்டிடலாம்.”

“வேணாம். உனக்குக் குட்டையா பூடும். எனக்கு அப்புறம் நீதானே வரப்புல நிக்கணும்?”

துப்பாக்கியை அவர் கையிலிருந்து வாங்கினேன். ரம்பத்தை எடுத்து வெட்டினேன். கப்பலில் ஆடி அடிபடாமல் இருக்க இயந்திரங்களுக்கு அடியில் வைப்போமே, அந்த ரப்பரில் கழிவுத் துண்டு கேட்டு வாங்கி வந்து, கட்டையின் அடியிலும் கன்னம் படும் இடத்திலும் ஒட்டினேன்.

“அம்புக்குறி போடலியா? எந்தப் பக்கம் மேலேன்னு?” என்றார் அண்ணன்.

“ஒடையும் பொருள்னும் எழுதணும்ணா.”

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அண்ணி எழுந்து உள்ளே போய்விட்டார். அண்ணன் மட்டும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

அன்று மாலை வரப்பில் நின்று ஒரு வெடி போட்டார். புகை கலைந்ததும் திரும்பி, “அடிக்கலடா. தட்டிக் குடுக்குது” என்றார். அந்தப் போகம் முழுக்க அவர்தான் காவல். நெல் வீடு வந்து சேரும் வரை இருந்தார். கடைசியாக அவரைக் குளிப்பாட்டும்போது தோளைப் பார்த்தேன். கன்றல் இல்லை.

காரியம் முடிந்ததும் துப்பாக்கியை போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொன்னார்கள். நான் போன அன்று அண்ணி அவருடைய சட்டைகளை எடுத்து வைத்திருந்தார். பக்கத் தையல்களை எல்லாம் பிரித்திருந்தார்.

“உனக்கு சரியா இருக்கும் தம்பி, போட்டுக்க.”

ஒன்றைப் போட்டுக்கொண்டேன். சரியாக இருந்தது. பிரித்த தையலின் ஓட்டைகள் மட்டும் வரிசையாகத் தெரிந்தன.

அதே சட்டையோடு துப்பாக்கியை எடுத்து ஒருமுறை தோளில் வைத்தேன். என் உடம்புக்குக் கட்டை குட்டை. பிடித்திருந்த கையின் கட்டைவிரல் நேராக வந்து மூக்கில் இடித்தது.

“இன்னா தம்பி?” என்றார் அண்ணி.

“மூக்குல பட்டுடுச்சு அண்ணி. மூக்குல பட்டா கண்ல தண்ணி வரும்” என்றேன்.

அண்ணி கோணியை எடுத்து வந்து கட்டையைச் சுற்ற ஆரம்பித்தார்.